முத்துக்குளித்துறையில் சிறார்க்கு நிகழ்ந்த மறைக்கல்வி

தமிழ் அச்சு வரலாறு எழுதப் புகுவோர் 1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூலையே முதற்கண் எடுத்துக் கூறுவர். அதன் எழுத்துக்கள் வார்க்கப்பட்ட இடம், வார்த்தவர் பெயர், பக்க அளவு ஆகியன பலகாலும் பேசப்பட்டுள்ளன. அந்நூல் யார் பொருட்டு, எவ்வகைக் கூட்டத்தில் ஓதப்படுதற்கு ஆக்கப்பட்டது என்னும் வினா அத்துணை அழுத்தமாக எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவை எழுப்புவார்க்கு ஓர் உண்மை புலனாகும். தமிழின் முதல் அச்சு நூல் அச்சுக்கூடத்தில் தோன்றியதன்று. அதற்கு 36 ஆண்டுகள் முன்னரே தூத்துக்குடியையும் மணப்பாட்டையும் சூழ்ந்த கடற்கரை ஊர்களில் மணியடித்துக் கூட்டப்பெற்ற சிறுவர் வகுப்பில் தோன்றியது. அவ்வகுப்பு யாங்ஙனம் நடந்தது, அதற்குப் பொருள் தந்தவர் யார், அதனால் தமிழுக்கு விளைந்தது யாது, அவ்வூர்க் குடும்பங்களுக்கு விளைந்தது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

பிழைப்புக்குரிய கல்வியும் தொழிலும் ஒருபுறம் நடக்க, அவற்றிற்கு அப்பால் நாளில் ஒரு வேளையை ஒதுக்கித் தம் மறையையும் மரபையும் சிறார்க்குப் புகட்டுதல் சிறுபான்மைச் சமுதாயங்கள் யாண்டும் கையாண்ட முறையாகும். இம்முறையைப் பன்னூற்றாண்டுகளாகப் போற்றி வந்தவர் யூதர். நாடிழந்து பல நாடுகளிற் சிதறிய அவ்வினத்தார் தாம் வழங்கும் மொழி வேறாயினும், எபிரேய எழுத்தையும் மறைநூல் ஓதுதலையும் இளஞ்சிறார்க்குக் கற்பிக்கும் கூடங்களை எங்கும் அமைத்துக்கொண்டனர். பிற்காலத்தே பொதுப்பள்ளிகள் பெருகியபோது, பள்ளி விட்ட பின்னும் ஞாயிற்றுக்கிழமையும் நடக்கும் வகுப்புக்களாக அவை உருமாறின. அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் ரெபேக்கா கிராட்சு அம்மையார் 1838இல் தொடங்கிய எபிரேய ஞாயிற்றுப் பள்ளி இவ்வகையில் பெயர்பெற்றது.

நம் அண்டை நிலமாகிய கொச்சியிலும் இம்முறை இருந்தது. மலையாளம் பேசிய அங்குள்ள யூதர், சில தொழுகைக்கூடங்களின் மேல்தளத்தில் சிறார் பயிலுதற்கென ஓர் அறை அமைத்தனர். சிறுவர் பொருள் முற்றும் விளங்குமுன்னரே எபிரேய மறையை இசையோடு ஓதக் கற்றனர். பெண்டிரோ மலையாளத்தில் யூத வரலாற்றுப் பாடல்களைப் பாடி, ஏடுகளில் எழுதிப் போற்றினர். 19ஆம் நூற்றாண்டில் கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இசுரவேலர்க்கு மறைமொழி கற்பிக்கக் கொச்சியினின்றே ஆசிரியர் சென்றனர். முத்துக்குளித்துறையிலேயே காயற்பட்டினத்து முசுலிம்கள் மக்தபு என்னும் ஓதற்பள்ளிகளில் சிறார்க்குத் திருக்குர்ஆனை அரபியிற் பயிற்றினர். விளக்க நூல்களை அரபுத் தமிழில் எழுதினர். இவ்விரு வழக்கிலும் மறைமொழி வேறு, வீட்டுமொழி வேறு. பரவர் சிறார்க்கு நிகழ்ந்த மறைக்கல்வி இவற்றினின்று பிரியும் இடம் இதுவேயாகும். அவர்தம் வகுப்பில் மன்றாட்டுக்கள் தொடக்க முதலே தமிழில் ஓதப்பட்டன. அதனாலேயே அவ்வகுப்பின் வரலாறு தமிழ் உரைநடையின் வரலாறும் ஆயிற்று.

பரவர் மறைமாறிய வரலாறு பலரும் அறிந்ததாகலின் சுருங்கக் கூறுவாம். முத்துச்சலாப உரிமை பற்றி முசுலிம்களுக்கும் பரவர்க்கும் மூண்ட பூசலில், பரவர் போர்த்துக்கீசியரின் காவலை நாடினர். அதன் விளைவாக 1536, 1537ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். முழுக்களித்த குருமார் கொச்சிக்குத் திரும்பினர். ஐந்தாறு ஆண்டுகள் அம்மக்களுக்குப் போதிப்பார் இலர். 1542ஆம் ஆண்டு இறுதியில் கோவாவினின்று வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர்தோறும் மக்களை நோக்கி நீவிர் நம்புவது யாது என வினவியபோது, தாம் கிறித்தவர் என்பதன்றி வேறு மறுமொழி கிடைக்கவில்லை. பெயர் மாறியிருந்தது, அப்பெயருக்குரிய பொருள் இன்னும் சொல்லப்படவில்லை.

சவேரியார் தமிழறியார். கோவாக் கல்லூரியிற் பயின்ற, இக்கரையைச் சேர்ந்த மாணவர் மூவர் உடன் வந்தனர். போர்த்துக்கீசும் தமிழும் சிறிதேனும் அறிந்தோரை ஒருங்கு கூட்டிப் பன்னாள் உழைத்து, சிலுவை அடையாளம், நம்பிக்கைச் சுருக்கம், பத்துக் கட்டளைகள், பரமண்டல மந்திரம், மரியன்னை வாழ்த்து, பாவ அறிக்கை முதலியவற்றைத் தமிழாக்குவித்தார். பின் அவற்றைத் தாமே நெட்டுருச் செய்தார். கையில் மணியேந்தித் தெருக்களிற் சென்று சிறுவரையும் பெரியோரையும் அழைத்து, நாளொன்றுக்கு இருமுறை ஒரு திங்கள் அளவும் கற்பித்ததாக 1544ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உரோமையிலிருந்த தோழர்க்கு எழுதிய மடலிற் குறிக்கின்றார். அதற்கு முன்னர் 1542 அக்டோபர் 28ஆம் நாள் தூத்துக்குடியினின்று எழுதிய மடலில், ஏதேனும் ஒரு மன்றாட்டைக் கற்பிக்காதவரை சிறார் தம்மை உண்ணவும் உறங்கவும் விடுவதில்லை என்று வியந்துரைக்கின்றார்.

இம்மடல்களை நோக்குவார்க்கு வகுப்பின் அமைப்பு ஓரளவு தெளிவாகும். சிறார்க்கு நாள்தோறும் போதனை; பெண்டிர் சனிக்கிழமையும் ஆடவர் ஞாயிற்றுக்கிழமையும் கோயிலிற் கூடுதல். ஆடவர் கடல்மேற் செல்வர். முத்துக்குளிப்புக் காலத்தில் ஊரே கரை மாறும். ஆதலின் நாள்தோறும் கூட்டத்தக்கவர் சிறாரே. கற்பிக்கும் முறையோ முற்றிலும் வாய்மொழி. ஆசான் ஒரு தொடரைக் கூற, கூட்டம் அதனைத் திருப்பிக் கூறும். நம் திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடி ஓதப்பட்ட முறையும் இதுவே. சவேரியார் ஐரோப்பாவினின்று கொணர்ந்த முறை இந்நாட்டுச் சிறார்க்குப் புதுமையாகத் தோன்றியிராது. புதுமை வேறிடத்தில் இருந்தது. கற்ற சிறுவன் அன்றே ஆசிரியனும் ஆனான். கற்றதைப் பெற்றோர்க்கும் வீட்டார்க்கும் அயலார்க்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவனுக்கிடப்பட்ட பணி. நோயாளர் வீடுகளுக்குத் தாம் செல்ல இயலாதபோது சவேரியார் சிறுவரையே அனுப்பினார். அவர் சென்று வீட்டாரைக் கூட்டி, நம்பிக்கைச் சுருக்கத்தை ஓதினர்.

ஓர் ஊரில் திங்கள் ஒன்று தங்கிய சவேரியார் அடுத்த ஊருக்குச் செல்லும்போது மன்றாட்டுக்களை ஏட்டில் எழுதி விட்டுச் சென்றார். அவ்வேட்டைக் காத்து வகுப்பை நடத்தியவர் கணக்கப்பிள்ளை. போர்த்துக்கீசியர் மடல்களில் ‘கனகாபொலே’ எனச் சிதைந்து வழங்கும் இச்சொல் நம் ஊர்க் கணக்கப்பிள்ளையே என்பதில் ஐயமின்று. ஊரில் எழுத்தறிந்தவர் கணக்கு எழுதுபவரே. ஆதலின் மறைக்கல்வி ஆசிரியரும் அப்பெயர் பெற்றார். அவர் சிறார்க்கு மன்றாட்டுக்களைப் பயிற்றினார். பிறப்பையும் மணத்தையும் குறித்துவைத்தார். இறக்கும் நிலையிலுள்ள குழந்தைக்குக் குருவின்றியும் முழுக்களித்தார். உபதேசியார் என்று பிற்காலத்து வழங்கிய பதவியின் தொடக்கம் இஃதென்க. குருமார் வருவர், போவர். கணக்கப்பிள்ளை ஊரிலேயே இருந்தார். மடல்கள் பாதிரிமாரால் எழுதப்பட்டமையின் அவர் பெயர்கள் பெரும்பாலும் வரலாற்றில் ஏறவில்லை.

இவ்வாசிரியர்க்கு ஊதியம் எங்கிருந்து வந்தது என்பது வரலாற்றாசிரியர் கருதத்தக்கதொரு செய்தி. முத்துக்குளித்துறைப் பரவர் போர்த்துக்கீசிய அரசிக்கு ஆண்டுதோறும் 4,000 பொற்பணம் இறுத்து வந்தனர். அரசியின் காலணிச் செலவுக்கு என அது பெயர்பெற்றிருந்தது. அத்தொகையை அரசி காத்தரீனாள், சவேரியாரின் வேண்டுகோளுக்கிணங்கிச் சிறார் போதனைக்கு விட்டுக்கொடுத்தாள். அச்சிறாரினும் சிறந்த காலணி வானுலகு ஏறுதற்கு அரசிக்கு வாயாது என்று சவேரியார் எழுதியதாக வரலாறு கூறும். அரசியின் ஈகையாக இச்செய்தி போற்றப்படுகின்றது, போற்றத்தக்கதே. ஆயினும் அப்பணம் லிஸ்பன் கருவூலத்தில் விளைந்ததன்று. இடுப்பிற் கயிறும் காலிற் கல்லும் கட்டி மூச்சடக்கிக் கடலடி சென்ற குளியாட்களின் உழைப்பில் விளைந்தது. தம் மக்களின் கல்விக்குப் பொருள் ஈந்தவர் பரவரே. பின்னர் அச்செழுத்து வார்த்தற்கும் அவரே பொருள் உதவினர்.

இனி, அவ்வகுப்பில் ஓதப்பட்ட தமிழை நோக்குவாம். 1542 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் சிறார் உரத்த குரலில் ஓதிய நம்பிக்கைச் சுருக்கம் ‘எனக்கு வேணும்’ என்று தொடங்கிற்று. நம்புகின்றேன் எனப் பொருள்படும் இலத்தீன் வினைக்கு மொழிபெயர்ப்பாளர் கண்ட தமிழ் அது. 1544இல் சவேரியார் தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில், வேணும் என்பது விரும்புகின்றேன் எனப் பொருள்படுமாகலின் அதனை விடுத்து ‘விசுவசிக்கின்றேன்’ என்பதைக் கற்பிக்குமாறு பணிக்கின்றார். அம்மடலிலேயே மற்றொரு திருத்தமும் உண்டு. கிறித்து பாடுபட்டதைக் கூறுமிடத்து ‘வன்பினாலே’ என்னும் சொல் நுழைந்திருந்தது. அது வலுக்கட்டாயத்தால் எனப் பொருள்படும். கிறித்து தம் விருப்பினாலேயே பாடுபட்டார். ஆதலின் அச்சொல்லை நீக்குக என்கின்றார்.

இப்பிழையைச் சுட்டி நகைப்பார் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. பேச்சுத் தமிழில் ‘வேணும்’ என்பதன் ஆட்சியை நோக்கின், மொழிபெயர்த்தவன் முற்றும் அறியாதான் அல்லன் என்பது பெறப்படும். ஒருவன் தான் பற்றிக்கொள்ளும் தெய்வத்தை நோக்கி ‘எனக்கு இவர் வேண்டும்’ என்று கூறுதல் தமிழ் மக்களின் வழிபாட்டு உணர்வுக்கு அயலானதன்று. அன்றியும், தமிழில் நம்பு என்னும் சொல்லின் வரலாறே இதற்குச் சான்றாகும். தொல்காப்பிய உரியியல் நம்பு என்னும் உரிச்சொல்லுக்கு நசை, அஃதாவது விருப்பம், என்றே பொருள் கூறுகின்றது. விருப்பத்தினின்று உறுதிப்பாட்டுக்கு அச்சொல் நகர்ந்தது பிற்காலத்தது. கோட்பாட்டை அறிவால் ஏற்று உறுதி கூறுதல் என்னும் பொருள் சவேரியார்க்கு வேண்டியிருந்தது. அதற்கு வடசொல்லாகிய விசுவாசம் பொருத்தமாகப்பட்டது. ஆக, சிறுவர் வகுப்பில் நிகழ்ந்த இச்சிறு திருத்தம், சமயக் கலைச்சொல் தமிழில் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டது என்பதைக் காட்டும் நாளறிந்த முற்பட்ட சான்றுகளுள் ஒன்றாகும். பேச்சு வழக்கு நீங்கி வடசொல் புகுந்தது, ஐயமின்மை கிடைத்தது, நெருக்கம் சிறிது குறைந்தது.

ஈராண்டுகள் ‘வேணும்’ என்று ஓதிய சிறார், ஒருநாள் ‘விசுவசிக்கின்றேன்’ என்று ஓதப் பணிக்கப்பட்டபோது யாது கருதினரோ! அவருட் சிலரேனும் வீட்டில் பாட்டியர்க்கு முன்னதைக் கற்பித்துவிட்டிருப்பர். வாய்மொழிக் கல்வியின் இடர் இது. ஏட்டில் அடித்தெழுதலாம், நெஞ்சில் பதிந்ததை அடித்தெழுதல் அரிது. எல்லா ஊர்க்கும் ஒரே வகையான, திருத்திய பாடம் வேண்டும் என்னும் தேவை இங்ஙனம் எழுந்தது. அத்தேவையே பின்னர் அச்சை வேண்டிற்று.

இக்கல்வியின் மற்றொரு பக்கத்தையும் கூறாது விடுதல் முறையன்று. 1544ஆம் ஆண்டு மடலில் சவேரியார் சிறாரின் ஆர்வத்தைப் புகழுமிடத்து, அவர் தம் தாய் தந்தையர் பழைய வழிபாட்டில் ஈடுபடக் காணின் கண்டிப்பர் என்றும், உடனே தம்மிடம் வந்து அறிவிப்பர் என்றும், அச்செய்தி கேட்டுத் தாம் சிறுவர் கூட்டத்தோடு சென்று அவ்வுருக்களை உடைத்துத் துகளாக்கி மிதிப்பிப்பதுண்டு என்றும் எழுதுகின்றார். இதனை ஞானவைராக்கியத்தின் சான்றாகவே பழைய வரலாற்று நூலார் எடுத்துக்காட்டினர். இன்று கற்பார்க்கு அவ்வாறு எளிதிற் கடந்துபோதல் இயலாது. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட உருவைத் தன் மகனே காட்டிக்கொடுக்கக் கண்ட தாயின் சொல் ஒன்றேனும் நமக்குக் கிட்டவில்லை. கற்பித்தவர் எழுதினார், கற்ற சிறாரும் கண்டிக்கப்பட்ட பெற்றோரும் எழுதவில்லை. யூதர், காயல் முசுலிம்கள் ஆகியோரின் ஓதற்கூடங்கள் பெற்றோரின் மரபை மக்கள்பாற் சேர்ப்பன. முத்துக்குளித்துறை வகுப்பின் முதற்காலம் இதற்கு நேர்மாறு: மக்களைக் கொண்டு பெற்றோரை மாற்றுவது அதன் நோக்கமாயிருந்தது. ஒரு தலைமுறை கழிந்து, அன்றைய சிறார் பெற்றோர் ஆகிய பின்னரே அதுவும் மரபைக் கைம்மாற்றும் கல்வியாயிற்று.

இவ்விடத்தில் வரலாறு வியத்தகு முறையில் மீண்டும் யூதரை நம்முன் கொணர்கின்றது. 1497இல் போர்த்துக்கல் மன்னன் மனுவேல், தன் நாட்டு யூதரின் சிறுபிள்ளைகளைப் பெற்றோரினின்று பிரித்துத் திருமுழுக்களித்துக் கிறித்தவர் இல்லங்களில் வளர்க்கக் கட்டளையிட்டான். பெற்றோரும் வலிந்து மதம் மாற்றப்பட்டனர். அங்ஙனம் மாறியோரும் அவர் வழியினரும் ‘புதுக் கிறித்தவர்’ என இழித்துரைக்கப்பட்டனர். அவருட் சிலர் பகலில் கோயிற்கு வந்து, இரவில் கதவடைத்துத் தம் மக்களுக்குப் பழைய மறையை மறைவிற் கற்பித்தனர். அன்னோரைத் துருவிக் காணற்கென 1536இல் போர்த்துக்கல்லில் மறைவிசாரணை மன்றம் அமைந்தது. முத்துக்குளித்துறையில் பரவர் முழுக்குப் பெறத் தொடங்கியதும் அக்காலத்தேயாம். இந்தியாவிலும் அம்மன்றம் வேண்டும் என 1546ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் அம்போயினாத் தீவிலிருந்து மன்னனுக்கு எழுதியவர் வேறு யாருமல்லர், சவேரியாரே. 1560இல் அது கோவாவில் நிறுவப்பட்டது.

சவேரியார் விட்டுச்சென்ற சிறுவர் வகுப்பைக் கையேற்று, அரை நூற்றாண்டு பேணி வளர்த்த என்றீக்கே என்றீக்கசு அடிகளாரோ யூதக் கால்வழியினர். தமிழர் வழங்கும் பெயரால் அவரை அண்டிரிக் அடிகளார் என்போம். 1520இல் விலா விசோசா என்னும் ஊரிற் பிறந்து, முதலிற் பிரான்சிஸ்கன் சபை சேர்ந்து, கால்வழி பற்றி அதனின்று விலக்கப்பட்டு, பின் 1545இல் இயேசு சபையில் ஏற்கப்பட்டவர். 1546இல் இந்தியா வந்து, 1547 முதல் இக்கரையில் உழைத்தார். 1549இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி அடிகள் கொல்லப்பட்ட பின்னர்த் தலைமையும் அவர்பால் வந்தது. 1600இல் இறக்குமளவும் இக்கரையே அவர்க்கு வீடு. தம் முன்னோர் இனத்துக்கு நேர்ந்ததை அவர் நினைந்தாரா என்பதற்கு மடல்களிற் சான்று தேடுதல் வீண். ஆயினும், கால்வழி பற்றி ஒரு சபையால் தள்ளப்பட்ட ஒருவர், பிறர் மொழியைப் பழிக்காது, அதன் இலக்கணம் தேர்ந்து, அதில் எழுதினார் என்பது மட்டும் கண்கூடு.

அண்டிரிக் அடிகளார் மொழிபெயர்ப்பாளரை நம்பியிராது தாமே தமிழ் கற்றார். 1549ஆம் ஆண்டளவிலேயே தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதத் தொடங்கினார். அவர் தமிழைப் பேசவும் எழுதவும் வல்லவர் என்றும், இருவர் செய்யும் பணியை ஒருவராகவே செய்கின்றார் என்றும் சவேரியார் அவ்வாண்டிலேயே உரோமைக்கு எழுதினார். சிறுவர்க்கு ஒரு வேளை, சிறுமியர்க்கு ஒரு வேளை என வகுப்பு ஊர்தோறும் ஒழுங்குபட்டது. சிறுமியர்க்குத் தனி வேளை ஒதுக்கியமை கருதத்தக்கது. அக்காலத் திண்ணைப் பள்ளிகளிற் பெண்பிள்ளைகளைக் காண்பதரிது. புன்னைக்காயல் இப்பணிக்கு நடுவிடமாயிற்று.

இதற்கிடையே 1554இல் லிஸ்பனில் ‘கார்த்தில்யா’ எனப்படும் நூல் வெளிவந்தது. விசேந்தே, சோர்சே, தொமே என்னும் பெயர்கொண்ட இந்தியர் மூவர் அதனை ஆக்கினர். தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்தில் அச்சிடப்பட்டு, உடன் போர்த்துக்கீசியப் பொருளும் தரப்பட்டது. தமிழ் அச்சேறியது, தமிழெழுத்து அச்சேறவில்லை. தமிழ் வாசிக்க வல்ல கணக்கப்பிள்ளைக்கு அது பயன்படாது. தமிழெழுத்தறியாத போர்த்துக்கீசியன் தமிழில் ஓதுதற்கே பயன்படும். 1578ஆம் ஆண்டு நூல் இதற்கு மறுதலை. ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமே கொண்டது, தமிழெழுத்திலேயே அமைந்தது. ஊர்தோறும் கணக்கப்பிள்ளை கையில் இருந்து, ஒரே பாடத்தை எங்கும் ஒலிக்கச் செய்தற்கு அஃது ஏற்றதாயிற்று. பழைய ஏட்டெழுத்தை ஒட்டிப் புள்ளியின்றியும், எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடின்றியும் அச்சிடப்பட்டமையின், பாடத்தை முன்னரே செவிவழி அறிந்தார்க்கே அது எளிதிற் படிக்கத்தக்கது. சிறுவன் கேட்டுக் கற்பான். ஆசிரியன் பார்த்துச் சொல்வான். நூல் இருவர்க்கும் இடையே நினைவின் காவலாக நின்றது.

1579 நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் அச்சேறிய ‘கிரிசித்தியானி வணக்கம்’ இன்னும் தெளிவான சான்று. 120 பக்கம் கொண்ட அந்நூல் மார்க்கோசு சோர்சு என்பார் போர்த்துக்கீசில் எழுதிய வினாவிடை நூலின் தமிழாக்கம்; மூலநூலின் தலைப்பிலேயே அது சிறார்க்குக் கற்பிக்க உரையாடல் முறையில் அமைந்தது என்பது கூறப்பட்டுள்ளது. தமிழ்நூல் மரபில் வினாவிடை புதிதன்று. உரையாசிரியர்கள் வினாவை எழுப்பி விடை கூறும் முறையைப் பெரிதும் கையாண்டனர். ஆயின் அவர்தம் உரைநடை கற்றார்க்குக் கற்றார் எழுதியது. கடற்கரைச் சிறுவன் ஒருவன் வினாவப்பட்டுத் தன் வாயால் விடைகூறத் தக்கதாக எழுதப்பட்ட தமிழ் உரைநடை, அச்சில் நமக்குக் கிடைப்பது இதுவே முதல். அதன் நடையில் அயல்மொழித் தொடரமைப்பின் சாயல் உண்டு. போர்த்துக்கீசியச் சொற்கள் பல அப்படியே நிற்கின்றன. அதனை நடையழகுக்காகப் போற்றுதல் மிகையாகும். பேசும் தமிழுக்கு அண்மையில் நின்று, நீண்ட கருத்தை உரைநடையில் ஒழுங்குபடக் கூற முயன்றமையே அதன் சிறப்பு.

1580இல் பாவ அறிக்கைக்குரிய கையேடு ஒன்றும், 1586இல் ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூலும் தொடர்ந்தன. இவை வளர்ந்தோர்க்குரியன. முதல் வகுப்பிற் பயின்ற சிறார் அதற்குள் நாற்பதும் ஐம்பதும் வயதெய்தியிருப்பர். அவர் படிக்கவும் கேட்கவும் பெருநூல் வேண்டியிருந்தது.

இக்கல்வி எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு அடுத்த நூற்றாண்டு ஒரு சோதனையாக அமைந்தது. 1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்கக் குருமார் விலக்கப்பட்டனர். சீர்திருத்தச் சபைப் போதகர் பிலிப்பு பால்தேயு பரவரைத் தம் சபைக்கு ஈர்க்க முயன்றார். பரவர் அசையவில்லை. 1672இல் வெளியான தம் நூலில் அவர் இதனை மறைக்காது கூறுகின்றார். போர்த்துக்கீசியப் படைவலி நீங்கிய பின்னும், கோயில்கள் கைமாறிய பின்னும் அவர் நம்பிக்கை நிலைத்தமைக்குக் காரணம் பலவாகலாம். சாதித்தலைவர், பட்டங்கட்டியர் ஆகியோரின் கட்டுக்கோப்பும் அவற்றுள் ஒன்று. ஆயினும், குருவின்றி ஓதத்தக்க மன்றாட்டுக்கள் ஒவ்வொரு வீட்டிலும் தாய்மொழியில் மனப்பாடமாக இருந்தமையைக் குறைத்து மதித்தல் இயலாது. போர்த்துக்கல்லில் யூதர் கதவடைத்துச் செய்ததை, ஏறக்குறைய அதே வகையில், ஒல்லாந்தர் ஆட்சியின்கீழ்ப் பரவர் இல்லங்களும் செய்தன. முதல் தலைமுறையில் பெற்றோரைக் கண்டிக்கக் கற்பித்த கல்வி, ஐந்தாம் தலைமுறையில் பெற்றோரே பிள்ளைகளுக்கு ஓதுவித்த கல்வியாக முடிந்தது.

இந்நூல்கள் நெடுங்காலம் தமிழகத்திற் காணக்கிடைக்கவில்லை. ‘தம்பிரான் வணக்க’த்தின் படி அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்திலும், ‘கார்த்தில்யா’ லிஸ்பனிலும், ‘அடியார் வரலாறு’ வத்திக்கானிலும் இருந்தன. 1950களில் சேவியர் தனிநாயக அடிகள் இவற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதித் தமிழறிஞர்க்கு அறிமுகம் செய்தார். 1960களில் இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்த மறுபதிப்புக்கள் தூத்துக்குடித் தமிழிலக்கியக் கழக வெளியீடாக வந்தன. நூல்கள் தாம் தோன்றிய கரைக்கே மீண்டன.

சொல்லும் ஒருவகையில் மீண்டது. 1544 முதல் நானூறாண்டுகளுக்கு மேலாகத் தமிழ்க் கத்தோலிக்கச் சிறார் ‘விசுவசிக்கிறேன்’ என்றே ஓதிவந்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர் வழிபாட்டுத் தமிழ் திருத்தப்பட்டபோது, அவ்விடத்தில் ‘நம்புகிறேன்’ என்னும் சொல் அமைக்கப்பட்டது. இன்று மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிறார் ஓதுவது, தொல்காப்பியர் நசை என்று பொருள் கூறிய அச்சொல்லையே.